படிவத்தில் இடமில்லாத பேராசிரியர்: ஸ்டுவர்ட் ஹால்

கல்வியாண்டு முடியும்போது எங்கள் கல்லூரியில் எல்லா ஆசிரியர்களுக்கும் மெயிலில் ஒரு எக்செல் ஷீட் வரும். அந்த வருடம் என்ன கிழித்தோம் என்பதை அதில் நிரப்பி அனுப்ப வேண்டும். ஸ்கோபஸில் ஏறிய கட்டுரைகள் எத்தனை, ஐஎஸ்பிஎன் உள்ள புத்தகங்கள் எத்தனை, கருத்தரங்குகள் எத்தனை, கொண்டுவந்த நிதி எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. 'வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்தினேன்' என்று சொல்ல மட்டும் காலம் கிடையாது.

இந்த வருடம் அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வருட விஸ்காம் மாணவி ஒருவர் வந்து நின்றார். அசைன்மென்டில் ஸ்டுவர்ட் ஹாலைப் பற்றி எழுதுகிறாராம்.

"சார், ஹால் எந்த யுனிவர்சிட்டில பிஎச்டி பண்ணார்?"

"அவர் பிஎச்டி முடிக்கலம்மா."

"அப்புறம் எப்படி சார் ப்ரொஃபசர் ஆனார்?"

நல்ல கேள்வி. மூன்று நிமிடத்தில் ஏதோ சொல்லி அனுப்பினேன். ஆனால் கேள்வி போகவில்லை. ஊடகம் படிப்பவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் முதல் வருடத்திலேயே சந்திக்கும் பெயர் அது. அந்த மனிதர் பிஎச்டியை முடிக்கவில்லை. வாழ்நாளில், தானே தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை எழுதிய ஆய்வு நூல் என்று ஒன்றைக்கூட வெளியிடவில்லை. பேராசிரியர் ஆனபோது அவர் ஏற்றது சமூகவியல் இருக்கை. அவர் படித்ததோ ஆங்கில இலக்கியம். இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கிங்ஸ்டன்: நிறத்தின் கணக்கு

ஸ்டுவர்ட் ஹால் 1932 பிப்ரவரி 3ஆம் தேதி ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தார். ஜமைக்கா அப்போது பிரிட்டிஷ் காலனி. அப்பா யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியில் கணக்குத் துறையில் இருந்தவர். நடுத்தர வர்க்கக் குடும்பம்.

கறுப்பர் நாட்டில் நிறப் பிரச்சனை என்ன இருக்கப் போகிறது என்று நாம் நினைக்கலாம். அங்கேதான் அது நுணுக்கமாக இருந்தது. வெளுப்பு, கொஞ்சம் வெளுப்பு, பழுப்பு, கறுப்பு என்று படிப்படியாக ஒரு கணக்கு. யார் யாரோடு பழகலாம், யார் யாரைக் கட்டலாம் என்பதையெல்லாம் அந்தக் கணக்குதான் தீர்மானித்தது. ஹால் தன் குடும்பத்திலேயே நிறம் குறைந்த பிள்ளை. பள்ளியில் பழகிய சில நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவர முடியாது, 'நம்ம ஆட்கள்' இல்லை என்பார்கள்.

அவருக்குப் பதினேழு வயது இருக்கும்போது அக்கா ஒரு மருத்துவ மாணவரைக் காதலித்தார். பார்படோஸ் தீவைச் சேர்ந்தவர், படித்தவர், நல்ல குடும்பம். ஆனால் கறுப்பு. பெற்றோர் மறுத்துவிட்டார்கள். அக்கா மனம் உடைந்து நோயாளியானார், மின் அதிர்ச்சிச் சிகிச்சை வரை போனது. அதிலிருந்து அவர் முழுதாக மீளவே இல்லை. இதை ஹால் பிற்காலத்தில் பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பண்பாடு என்பது வெளியே இருப்பது மட்டும் இல்லை, நமக்குள்ளே புகுந்து வேலை பார்ப்பது என்பதை அவர் முதலில் கற்றது அங்கேதான். சாதி பார்த்துக் கல்யாணத்தை உடைக்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்குப் பொழிப்புரை தேவையில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு: கைவிட்ட ஆய்வேடு

1951ல் ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரிக்குப் போனார். அம்மாவே கூட வந்து, வாழைப்பழக் கப்பலில் இங்கிலாந்து சேர்ந்து, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார். அம்மாவைப் பொறுத்தவரை பையன் சேர வேண்டிய இடம் சேர்ந்துவிட்டான். பையனுக்கோ வீட்டை விட்டுத் தப்பித்த நிம்மதி.

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் முடித்து, நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் பற்றி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். அது நடந்துகொண்டிருக்கும்போது 1956 வந்தது. ஒரே இலையுதிர் காலத்தில் இரண்டு சம்பவங்கள். சூயஸ் கால்வாயை எகிப்து தேசியமயமாக்கியதற்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து எகிப்தின்மீது படையெடுத்தன. அதே சமயத்தில் ஹங்கேரி மக்களின் எழுச்சியை நசுக்க சோவியத் டாங்குகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தன. இந்தப் பக்கம் ஏகாதிபத்தியம் சாகவில்லை, அந்தப் பக்கம் சோஷலிசம் என்று சொல்லிக்கொண்டது டாங்கில் வருகிறது. இரண்டையும் ஏற்காத இளைஞர்கள் எங்கே போவது?

அவர்கள் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். 1957ல் வெளிவந்த 'யுனிவர்சிட்டிஸ் அண்ட் லெஃப்ட் ரிவ்யூ'. ஹால், வரலாற்றாசிரியர் ரஃபேல் சாமுவேல், பின்னாளில் பெரிய தத்துவவாதியான சார்லஸ் டெய்லர், கேப்ரியல் பியர்சன் ஆகிய நான்கு பேர் ஆசிரியர்கள். ஹென்றி ஜேம்ஸ் ஆய்வேடு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

1960ல் அந்தப் பத்திரிகையும் 'நியூ ரீசனர்' என்ற இன்னொரு பத்திரிகையும் இணைந்து 'நியூ லெஃப்ட் ரிவ்யூ' ஆனது. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கும் அந்த இதழின் முதல் ஆசிரியர் ஹால்தான். அப்போது வயது 28.

வகுப்பறையில் ஒரு நாள்

பத்திரிகையில் சம்பளம் வருமா? வராது. அதனால் தெற்கு லண்டனில் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார். நம்மூர் பாஷையில் சொன்னால், 'மாற்று ஆசிரியர்'. அது தேர்வில் தேறாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. பகலில் அங்கே பாடம், சாயங்காலம் சோஹோ பகுதியில் பத்திரிகை வேலை.

1958 கோடையில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியக் குடியேறிகள்மீது வெள்ளை இளைஞர்கள் தாக்குதல் நடத்தினார்கள். தன் வகுப்புப் பையன்கள் சிலர் சாயங்காலம் அந்தப் பக்கம் போவதை ஹால் கவனித்தார். ஏன்டா போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் நம் வேலையை எடுத்துக்கொள்கிறார்கள், நம் பெண்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பதில் வந்தது. வகுப்பில் இருந்த கறுப்பு மாணவர்களைக் காட்டி, இவர்களையா சொல்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை சார், இவங்க நம்ம பசங்க என்ற பொருளில் சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன். பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் கறுப்புப் பையன் இவர்களுக்கு நண்பன். ஆனால் 'கறுப்பர்கள்' எதிரி. அந்த இரண்டாவது உருவம் எங்கிருந்து வந்தது? நேரில் பார்த்து வந்ததில்லை. வேறெங்கோ செய்யப்பட்டு அவர்கள் தலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஹாலின் ஊடக ஆய்வு முழுக்க இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

பத்திரிகைப் பொறுப்பை விட்ட பிறகு 1961 முதல் லண்டன் செல்சீ கல்லூரியில் சினிமாவும் ஊடகமும் கற்பித்தார். சினிமாவைப் பல்கலைக்கழகப் பாடமாக யாரும் மதிக்காத காலம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் கல்விப் பிரிவில் இருந்த பேடி வான்னலோடு சேர்ந்து 'த பாப்புலர் ஆர்ட்ஸ்' என்ற புத்தகத்தை 1964ல் வெளியிட்டார். யாருக்காக? பள்ளி ஆசிரியர்களுக்காக. பிள்ளைகள் பார்க்கும் சினிமாவையும் கேட்கும் பாட்டையும் குப்பை என்று ஒதுக்காமல், அதற்குள்ளேயே நல்லது எது, மட்டமானது எது என்று பேசக் கற்றுக்கொடுக்கும் புத்தகம்.

பர்மிங்காம்: பாடப்புத்தகம் இல்லாத துறை

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு பர்மிங்காம் என்றதும் ஜார்ஜ் தாம்சன் நினைவுக்கு வருவார். கைலாசபதியும் சிவத்தம்பியும் அவரிடம்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார்கள். அதே 1960களில் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு மூலையில் இந்த வேலை ஆரம்பித்தது.

ரிச்சர்ட் ஹோகார்ட் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1964ல் 'சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம்' ஒன்றைத் தொடங்கினார். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஹோகார்ட். அந்த வாழ்க்கையையும் வெகுஜனப் பத்திரிகைகளையும் பற்றி 1957ல் 'த யூசஸ் ஆஃப் லிட்டரசி' எழுதிப் புகழ்பெற்றவர். மையத்துக்குப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது, பணம் தாராளமாகக் கொடுக்கவில்லை. ஆரம்ப நிதி பெங்குவின் பதிப்பகத்திலிருந்து வந்தது. 'லேடி சாட்டர்லீஸ் லவர்' ஆபாச நூலா என்ற 1960ஆம் வருட வழக்கில் பெங்குவின் பக்கம் சாட்சி சொன்னவர் ஹோகார்ட், அந்த மரியாதை. அந்தப் பணத்தில்தான் ஹோகார்ட் ஹாலை ஆய்வாளராக வேலைக்கு எடுத்தார். 'த பாப்புலர் ஆர்ட்ஸ்' வந்ததும் அதே வருடம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்பாட்டு ஆய்வின் முன்னோடிகள் என்று சொல்லப்படும் ஹோகார்ட், ரேமண்ட் வில்லியம்ஸ், ஈ.பி. தாம்சன் மூவருமே முதியோர் கல்வி வகுப்புகளில் வருடக்கணக்கில் பாடம் எடுத்தவர்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி படிக்க வந்தவர்கள்தான் அவர்களுடைய மாணவர்கள். அந்த மாணவர்களிடம் 'இது இலக்கியம், வாய் பேசாமல் படி' என்று சொல்ல முடியாது. இது எனக்கு ஏன் சார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தேடிய இடத்தில்தான் இந்தத் துறை முளைத்தது. பல்கலைக்கழகத்துக்குள் அது வந்தது பிறகுதான்.

1960களின் கடைசியில் ஹோகார்ட் யுனெஸ்கோவுக்குப் போக, மையத்தின் பொறுப்பு ஹாலிடம் வந்தது. முதலில் தற்காலிகம், பிறகு முறைப்படி இயக்குநர். 1979 வரை. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் கதையின் மையம்.

அங்கே பாடப்புத்தகம் கிடையாது. ஏனென்றால் அந்தத் துறையில் புத்தகமே இல்லை. ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. அதனால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே படித்தார்கள். கிராம்சி, அல்தூசர், ரோலான் பார்த் என்று அப்போதுதான் ஆங்கிலத்துக்கு வந்துகொண்டிருந்த எழுத்துகளை ஒன்றாக உட்கார்ந்து மல்லுக்கட்டினார்கள். ஊடகத்துக்கு ஒரு குழு, இளைஞர் பண்பாட்டுக்கு ஒரு குழு, பெண்கள் ஆய்வுக்கு ஒரு குழு. எழுதியதை ஸ்டென்சில் வெட்டி உருட்டி, தைத்து, தாங்களே விற்றார்கள். நம் சிறுபத்திரிகைக்காரர்கள் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அங்கிருந்து வெளியே வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். தொழிலாளர் வீட்டுப் பையன்கள் ஏன் தொழிலாளர்களாகவே ஆகிறார்கள் என்று எழுதிய பால் வில்லிஸ். பங்க் இளைஞர்களின் உடையில் அரசியலைப் படித்த டிக் ஹெப்டிஜ். பெண்பிள்ளைகளின் பத்திரிகைகளை ஆராய்ந்த ஏஞ்சலா மெக்ராபி. கறுப்பர் வரலாற்றைத் திருப்பி எழுதிய பால் கில்ராய், ஹேசல் கார்பி. ஒரு ஆசிரியரின் காலத்தில் ஒரு சின்ன மையத்திலிருந்து இத்தனை பேர்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. மையத்தின் பெண்கள் குழு 1978ல் 'விமன் டேக் இஷ்யூ' தொகுப்பைக் கொண்டுவந்தது, மையத்துக்குள்ளேயே பெண்கள் எப்படிக் கண்ணில் படாமல் போனார்கள் என்பதும் அதில் பேசப்பட்டது. கொள்கை அளவில் பெண்ணியத்தை வரவேற்ற தனக்கே, அது தன் அதிகாரத்தைக் கேள்வி கேட்டபோது கஷ்டமாக இருந்தது என்று ஹால் பின்னர் ஒப்புக்கொண்டார். எத்தனை துறைத் தலைவர்கள் இதைப் பொதுவில் சொல்வார்கள்?

டிவியைப் பார்ப்பவர் என்ன செய்கிறார்?

அந்தக் காலத்தில்தான், 1973ல், என் மாணவி அசைன்மென்ட் எழுதும் அந்தக் கட்டுரை வந்தது. என்கோடிங், டிகோடிங். முதலில் அது ஒரு கருத்தரங்குக்காக எழுதி, மையத்தின் ஸ்டென்சில் தாளாக வெளிவந்த ஒன்று. இன்றைய எக்செல் ஷீட்டில் போட்டால் புள்ளி விழுமா என்பதே சந்தேகம்.

அதுவரை ஊடக ஆய்வில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த படம் எளிமையானது. ஒருவர் செய்தி அனுப்புகிறார், இன்னொருவர் வாங்குகிறார். வாங்கியவர் தப்பாகப் புரிந்துகொண்டால் வழியில் ஏதோ இரைச்சல். ஹால் இதை மறுத்தார். செய்தியைத் தயாரிப்பவர்கள் ஒரு அர்த்தத்தை அதில் கட்டிவைக்கிறார்கள், அது உண்மை. ஆனால் பார்ப்பவர் அதைத் தன் இடத்திலிருந்து அவிழ்க்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றாக இல்லாவிட்டால் அது 'புரியாமை'யும் இல்லை.

நம்மூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். பஸ் ஸ்டிரைக். டிவியில் தலைப்பு: 'பொதுமக்கள் கடும் அவதி'. பேருந்து நிலையத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம், அழும் குழந்தை. ஒரே வீட்டில் மூன்று பேர் பார்க்கிறார்கள்.

ஒருவர்: "சம்பளம் வாங்கிட்டு இவனுங்களுக்கு என்ன ஸ்டிரைக்கு?" செய்தியில் கட்டிவைத்த அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார். இதை ஹால் ஆதிக்க வாசிப்பு என்றார்.

இரண்டாமவர்: "ஸ்டிரைக் பண்றது தப்புதான், ஆனா எங்க மாமா ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமாச்சு, இன்னும் பணம் வரலையே." பொதுவில் ஒத்துக்கொள்கிறார், தன் விஷயத்துக்கு வரும்போது பேரம் பேசுகிறார். இது சமரச வாசிப்பு. ஹாலே சொன்ன உதாரணமும் இந்த மாதிரிதான்: நாட்டு நலனுக்காகச் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்தை ஏற்கும் ஒரு தொழிலாளி, தன் தொழிற்சாலையில் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்யத் தயாராக இருப்பார்.

மூன்றாமவர்: "பாட்டியைக் காட்டுறாங்களே, டிரைவர் வீட்டை ஏன் காட்டல? யாருக்கு அவதின்னு யார் முடிவு பண்றது?" இது எதிர் வாசிப்பு. சட்டகத்தையே மாற்றிவிடுகிறார்.

மூன்று பேரும் செய்தியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பார்வையாளர் ஏமாளி இல்லை. அதே நேரம் பார்வையாளர் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஹால் சொல்லவில்லை. செய்தி ஒரு அர்த்தத்தின் பக்கம் சாய்த்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. பரீட்சையில் இந்த இரண்டாவது பாதியைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

இது வெறும் யோசனைதானே என்று கேட்கலாம். மையத்தைச் சேர்ந்த டேவிட் மோர்லி அதைச் சோதித்துப் பார்த்தார். 'நேஷன்வைட்' என்ற பிபிசி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டிப் பேசவிட்டு, 1980ல் புத்தகமாக்கினார். வங்கி மேலாளர்கள், தொழில் பழகுநர்கள், தொழிற்சங்கக்காரர்கள், மாணவர்கள் எல்லாம் அதில் உண்டு. வர்க்கம் ஒன்றை மட்டும் வைத்து வாசிப்பைக் கணிக்க முடியவில்லை. கறுப்பு மாணவர்கள் பலர் நிகழ்ச்சியை எதிர்க்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று ஒதுங்கிவிட்டார்கள். அந்த மௌனமும் ஒரு வாசிப்புதான். ஹாலின் மூன்று கட்டத்துக்குள் அடங்காத இதை அவர் கூட இருந்தவரே கண்டுபிடித்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு சொல் எப்படி ஊருக்குள் வருகிறது?

1973 மார்ச்சில் பர்மிங்காம் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அந்த நகரத்தின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவரை அடித்துக் கொள்ளையடித்த வழக்கு. குற்றவாளிகள் மூன்று பையன்கள். வயது 16, 15, 15. மூத்தவனுக்கு 20 வருடம், மற்ற இருவருக்கும் 10 வருடம். பத்திரிகைகளில் அந்தக் குற்றத்தின் பெயர் 'மக்கிங்'.

அந்தச் சொல் அமெரிக்காவிலிருந்து வந்து பிரிட்டிஷ் தலைப்புகளில் ஏறி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெருவில் வழிப்பறி என்பது லண்டனுக்குப் புதிதா? காலங்காலமாக இருப்பது. அப்படியென்றால் திடீரென்று இது ஏன் புதுப் பெயரில், புதுப் பீதியாக வருகிறது? பேரைக் கேட்டதும் ஏன் கறுப்பு இளைஞன் முகம் மனதில் வருகிறது? ஹாலும் நான்கு மாணவ ஆய்வாளர்களும் இதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புத்தகம் வர 1978 ஆகிவிட்டது. பெயர் 'பொலீசிங் த கிரைசிஸ்', அட்டையில் ஐந்து பெயர்கள்.

அவர்கள் காட்டியது ஒரு வட்டம். போலீஸ் ஒன்றைச் சொல்கிறது, பத்திரிகை அதைப் போடுகிறது, பத்திரிகையைப் பார்த்து 'மக்கள் கவலைப்படுகிறார்கள்' என்று நீதிபதி கடும் தண்டனை தருகிறார், அந்தத் தீர்ப்பு மறுநாள் செய்தியாகிறது. நிருபர் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பொறுப்பான இடத்தில் இருப்பவரிடம் முதலில் கேட்பது என்ற தொழில் ஒழுங்கை நிருபர் கடைப்பிடித்தாலே போதும், பிரச்சனையின் பெயரை அவர்கள் வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் அந்தப் பெயருக்குள் நின்றுதான் பேச வேண்டும். பொருளாதாரம் ஆட்டம் கண்டிருந்த பிரிட்டனில், கடுமையான அரசு வேண்டும் என்ற ஏக்கத்துக்கு இந்தப் பீதி வழி திறந்தது என்பது நூலின் வாதம்.

'வடமாநில வாலிபர் கைது' என்று நம் பத்திரிகைகளில் தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் புத்தகம் ஞாபகம் வரும். திருடியவர் சொந்த ஊர்க்காரர் என்றால் மாநிலம் தலைப்பில் வருவதில்லை.

டிவியில் வந்த வகுப்பறை

1979ல் ஹால் பர்மிங்காமை விட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். புகழின் உச்சியில் இருப்பவர் தபால்வழிக் கல்விக்குப் போவாரா என்று நம் ஊரில் கேட்பார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969ல் ஆரம்பித்தது. சேர முன்தகுதி எதுவும் வேண்டாம். அப்போது பாடம் தபாலில் வந்தது, பிபிசி டிவியிலும் ரேடியோவிலும் வந்தது. ஓட்டுநர், செவிலியர், வீட்டில் பிள்ளை வளர்ப்பவர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு சின்ன மையத்தில் முதுகலை மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்ததை, கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களிடம் சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் அவர் போனார்.

அங்கே அவர் செய்த வேலை பெரும்பாலும் பாடம் எழுதுவது. அதுவும் குழுவாக. 1997ல் வந்த ஒரு பாடநூல் முழுக்க சோனி வாக்மேனைப் பற்றியது. அந்தச் சின்னப் பெட்டி எப்படி வடிவமைக்கப்பட்டது, விளம்பரத்தில் யாருடைய படம் வந்தது, யார் வாங்கினார்கள், ரயிலில் அதைக் கேட்பவர்மேல் மற்றவர்களுக்கு ஏன் எரிச்சல் என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டும். இன்றைக்கும் செல்போனைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

திரைக்கும் வந்தார். 1979ல் பிரிட்டிஷ் டிவியில் இனவாதம் எப்படிச் சிரிப்பு நிகழ்ச்சிகளிலும் செய்திகளிலும் ஒளிந்திருக்கிறது என்று பிபிசியிலேயே ஒரு நிகழ்ச்சியை இன்னொருவரோடு சேர்ந்து நடத்தினார். அதே வருடம் ஜனவரியில், மார்கரெட் தாட்சர் பிரதமராவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அவருடைய அரசியல் வெறும் தேர்தல் அலை இல்லை, மக்களின் அன்றாடப் பேச்சையே மாற்றப் போகிறது என்று 'மார்க்சிசம் டுடே' இதழில் எழுதினார். கருத்துக்கு அதிக எடை கொடுக்கிறார், பொருளாதாரத்தை விட்டுவிடுகிறார் என்று இடதுசாரிகளே சண்டைக்கு வந்தார்கள். அந்த விவாதம் பல வருடம் ஓடியது.

1990களின் இறுதியில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு கறுப்பினப் புகைப்படக் கலைஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று உழைத்தார். 2007ல் லண்டனில் ரிவிங்டன் பிளேஸ் என்ற கலைக்கூடம் திறந்தது. பல வருடம் சிறுநீரக நோயோடு வாழ்ந்து, 2014 பிப்ரவரி 10ஆம் தேதி இறந்தார். வயது 82.

அந்த மையம் என்ன ஆயிற்று?

பர்மிங்காம் மையம் பிறகு இளங்கலை வகுப்புகளும் உள்ள துறையாக வளர்ந்தது. 2002ல் பல்கலைக்கழகம் அதை மூடிவிட்டது. காரணம் பண நஷ்டமோ மாணவர் பற்றாக்குறையோ என்று நினைக்காதீர்கள். முந்தைய வருடம் பிரிட்டனில் நடந்த ஆய்வுத்தர மதிப்பீட்டில் துறைக்கு எதிர்பார்த்த புள்ளி வரவில்லை. மாணவர்கள் போராடினார்கள். உலகம் முழுக்கப் பேராசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். நடக்கவில்லை. உலகத்துக்கே ஒரு துறையைக் கொடுத்த இடம் ஒரு மதிப்பெண் பட்டியலில் தோற்றுப்போனது.

இதைப் படிவத்துக்கு எதிரான கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படிவம் வந்ததற்கும் காரணம் உண்டு. சாதி பார்த்து, ஆள் பார்த்து வேலை கொடுத்த இடத்தில், எண்ணிப் பார்க்கக்கூடிய தகுதி என்று ஒன்று இருப்பது பலருக்குப் பாதுகாப்பு. முதல் தலைமுறையில் படித்து வந்தவனுக்கு 'நெட்' தேர்வு முடித்த சான்றிதழ்தான் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். ஹாலுக்கு ஒரு ஹோகார்ட் கிடைத்தார், ஒரு பெங்குவின் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் பிஎச்டியை விட்டுவிடு என்று என் மாணவியிடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் படிவம் எதை எண்ணவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து படித்ததை அது எண்ணவில்லை. ஐந்து பேர் ஐந்தாறு வருடம் ஒரே கேள்வியோடு உட்கார்ந்தால், அந்த ஐந்தாறு வருடமும் பூஜ்யம்தான். மாணவர் ஆசிரியரின் கருத்தைத் திருத்தினால் அதற்குக் காலம் இல்லை. பள்ளி வாத்தியாருக்காகவும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்காகவும் எழுதியது 'பாடநூல்' என்று ஓரத்தில் ஒதுங்கும். ஹாலின் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதி இவைதான்.

மறுநாள் அந்த மாணவி திரும்பி வந்தார். மேலே சொன்னதில் பாதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அவர் க்ளாஸ் எடுத்து எடுத்தே ப்ரொஃபசர் ஆயிருக்காரு, இல்ல சார்?" என்றார்.

நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அசைன்மென்டில் அந்த வரியை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். என் எக்செல் ஷீட்டை நிரப்பி அனுப்பியாயிற்று. பன்னிரண்டு புள்ளி குறைகிறதாம், கோஆர்டினேட்டர் போன் செய்தார்.